அறிமுகக் குறிப்பு கேட்டவருக்கு

ஐந்து வரிக்குள் வேண்டும் என்கிறீர்கள்.
எழுதிக்கொள்ளுங்கள்:
கை அறுவைச் சிகிச்சை நிபுணர், மட்டக்களப்பு.
கொழும்பில் படிப்பு. இங்கிலாந்தில் பதினெட்டு மாதம்,
அதில் ஏழு மாதம்
பிறர் தைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறந்தது மண்டூர், படுவான்கரை.
குறுமண்வெளிக்குப் பாதையில் ஏறிப் பள்ளிக்கூடம்.
சனி ஞாயிறு அப்பாவின் சைக்கிள் கடை.
பிரேக் வயர் உறைக்குள் துருப்பிடித்து ஒட்டிவிட்டால்
எவ்வளவு அழுத்தினாலும் சில்லு நிற்காது.
முதல் வருடம், பிரேதம் அறுக்கும் மேசையில்
முன்கைத் தசைநாண் ஒன்றை இழுத்தேன்.
இறந்தவரின் சுட்டுவிரல் மெல்ல மடிந்தது.
மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.
நான் உறையைத் தேடினேன்.

உள்ளங்கைக்கும் விரலின் நடுக்கணுவுக்கும் இடையில்
ஒரு சின்னப் பரப்பு.
பழைய புத்தகங்களில் அதன் பெயர்
யாருக்குமில்லாத நிலம்.
அங்கே அறுந்தால் தைக்காதே, விட்டுவிடு என்றிருந்தார்கள்.
எனக்கு எங்கள் துறை ஞாபகம் வந்தது.
இந்தக் கரையில் ஒரு சோதனை,
அந்தக் கரையில் இன்னொரு சோதனை,
நடுத்தண்ணீரில் சீருடையோடு நாங்கள்.

மாசியில் ஒரு வெள்ளி, சம்மாந்துறை அரிசி ஆலை.
பெல்ட்டுக்குள் போன வலக்கைச் சுட்டுவிரல்
சொப்பிங் பேக்கில் வந்தது.
ஐஸ், மீன்காரரின் பெட்டியிலிருந்து.
விரலில் கீரிமீன் வாசம்.
(ஐஸில் நேரே போடாதீர்கள் என்று
எத்தனை தடவை சொல்வது!)
ஒன்பது மணித்தியாலம்.
முடியைவிட மெல்லிய நூல்.
"பசிக்கல்லையா டொக்டர்" என்று
யசிந்தா இரண்டு தரம் கேட்டது மட்டும் நினைவு.

விடியும்போது விரல் சிவந்தது.
பிறகு ஆறு மாதம் அதை மடிக்கவே பாடுபட்டேன்,
பாகை பாகையாக அளந்து, அட்டையில் குறித்து.
ஒருநாள் உதுமாலெவ்வை கேட்டார்:
"மடியாட்டியும் பறுவாயில்ல டொக்டர்,
நீட்ட ஏலுமா?
அத்தஹியாத்துல இந்த விரலத்தானே நீட்டுற."

அட்டையைப் புரட்டினேன்.
நீட்டல் என்ற நிரலை
நான் நிரப்பியே இருக்கவில்லை.

இன்னும் பதினைந்து பாகை பாக்கி.
அடுத்த மாதம் மறுபடி தியேட்டருக்கு எடுக்கிறேன்.

இதெல்லாம் ஐந்து வரிக்குள் வராது, தெரியும்.
படமும் கேட்டிருந்தீர்கள்.
தேடிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் கையுறை,
இல்லாவிட்டால் கைகள் கோட்டுப் பைக்குள்.
கழுத்துக்கு மேலே வெட்டி அனுப்புகிறேன்.