தொண்ணூறு பாகை

எழுத்துத் தேர்வில் நாற்பது கேள்விகள்.
இரண்டைத் தவறவிட்டேன்,
இரண்டுமே அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்குக்
காகிதம் ஒட்டுவது பற்றியவை.
மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிறவள் நான்,
மற்றதெல்லாம் சரி.
செய்முறையில்தான் மாட்டிக்கொண்டேன்.
முதல் வெடிக்கே என் கண்
அட்டை மனிதனின் மார்புக்கு ஓடிவிட்டது.
சோதித்த பெண் குறித்துக்கொண்டாள்:
"வேடிக்கை பார்க்கிறார்."

பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க
குறியைப் பார்க்காமலிருக்கப் பழகினேன்.
கை. விரல். குழாயின் வாய்.
பேருந்திலும் ஜனங்களின் விரல்களையே பார்த்தேன்.
கடையில் ஒருவர் குடையை
என் பக்கமாக நீட்டிப் பேசியபோது
ஓரடி தள்ளி நின்றேன்.
அவர் இருமல் மருந்து கேட்க வந்தவர், பாவம்.

ஆகஸ்டில் முதல் போட்டி.
குவோப்பியோவுக்கு வடக்கே ஒரு சரளைக் குழி,
மூன்று பக்கமும் மண்சுவர்.
அதன் உச்சியில் காட்டுச்செடிகள் பஞ்சாகிப் பறந்தன.
ஓர் அளவு பெரிய சிவப்புச் சட்டை எனக்கு.

"நிரப்பித் தயாராகுங்கள்."
"தயாரா?"
"பொறுங்கள்."
அதன் பிறகு கைக்கருவியின் கீச்சொலி.
பத்துப் பேர் வந்து போனார்கள்.
யார் எத்தனை அடித்தார்கள் என்று
இன்றுவரை தெரியாது.

பதினோராவது ஓஸ்மோ.
என் மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரன்,
அவன் காரில்தான் வந்தேன்,
வழியில் அவன் கட்டிக்கொடுத்த
முட்டை தடவிய அப்பமும் தின்றேன்.
அன்று அவன் ஓடியதுபோல் ஓடி நான் கண்டதில்லை.
மூன்றாவது கட்டத்துக்கு இடப்புறம் பாய்ந்தவன்
ஓடிக்கொண்டே தோட்டாப் பேழையை மாற்றினான்.
விரல் வெளியேதான் இருந்தது.
குழாயின் வாய் மட்டும்
மண்சுவரை விட்டு நழுவி
ஆளில்லாத ஒரு பெஞ்சைப் பார்த்தது.
பெஞ்சின் மேல் யாரோ மறந்த கம்பளித் தொப்பி.

"நில்!"
மரியாதை விகுதி வாய்க்கு வரவில்லை.

அவன் நின்றான்.
"காலிசெய்து காட்டுங்கள்" என்றேன்,
'ங்கள்' திரும்பிவிட்டது.
குனிந்து அறைக்குள் பார்த்தேன்.
கொஞ்சம் வெளிச்சம்.
துப்பாக்கியில் ஒன்றுமில்லை,
அவன் முகத்திலும்.

"ஐந்து பாகைதான் தாண்டியிருக்கும், ஹில்க்கா."
"இருக்கும்."
"அங்கே யாருமில்லை."
"இல்லை."
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்பார்கள்,
இங்கே தொப்பிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.
அந்த ஒன்றும் ஆகாததற்குத்தான்
படிவம் நிரப்ப வேண்டும்.
பேனா முதல் கோட்டில் எழுத மறுத்தது.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு
அவன் பெயரை எழுதினேன்.

மீதிப் பொழுதெல்லாம்
பிறர் போட்ட ஓட்டைகளுக்கு
அவன் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான்.
அளவெடுத்ததுபோல், ஒரு பிசகில்லாமல்.
நான் மறுபடி
கைகளைப் பார்க்கப் போனேன்.

வீட்டுக்கு இருநூறு கிலோமீட்டர்.
முதல் நூறில் வைப்பர் மட்டும் பேசியது.
பெட்ரோல் நிலையத்தில் இறங்கியவன்
ஒரே ஒரு காப்பியோடு திரும்பினான்,
கதவைத் திறந்தான், யோசித்தான்,
மறுபடி உள்ளே போனான்.
எனக்கு வந்த காப்பியில் பாலில்லை.
எனக்குப் பால் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு எண்பதில் போகலாம் என்ற சாலையில்
அவன் எழுபதில் போனான்.
ஸ்டியரிங்கில் இருந்த அவன் விரல்களை
நான் பார்த்துக்கொண்டே வந்ததை
எப்போது கவனித்தானோ.
எங்கள் தெருவுக்குள் இடப்புறம் திரும்புமுன்
காரை முழுதாக நிறுத்திவிட்டுக் கேட்டான்:
"இதற்கு எத்தனை பாகை அனுமதி?"

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பியது.