ஒரு மீட்டர் தொண்ணூறு

கதவு ஒரு மீட்டர் எண்பத்தாறு.
இயந்திரம் ஒரு மீட்டர் தொண்ணூறு.
நான்கு சென்டிமீட்டருக்காக
லாங்கென்டால் தொழிற்பேட்டைத் தெருவில்
மழையில் நின்றோம் நானும் உர்சினாவும்,
தார்ப்பாய்க்குள் எண்ணூற்று அறுபது கிலோவும்.

பள்ளி மேசை செய்த கம்பனியின் ஏலத்தில்
எங்களைத் தவிர ஒருவர்தான் கை தூக்கினார்.
ஏழாயிரத்து நானூறில்
அவருக்கும் கை வலித்துவிட்டது.

கதவு நிலையைக் கழற்றினோம்.
நாங்களே போட்ட நிலை.
உள்ளே மூன்று திருகுகள் கோணலாக.
யார் போட்டது என்று
இருவருமே கேட்கவில்லை.

இரும்புக் குழாய்களின் மேல்
விரல் விரலாக நகர்த்துகையில்
அம்மியும் நகரும் என்றேன்.
அம்மி என்றால்? என்றாள்.
அரைக்கிற கல்.
அப்படியென்றால் இதுவும் அதுதான் என்று
மறுபடி தோளைக் கொடுத்தாள்.

யானை வாங்கியாயிற்று. இனி அங்குசம்.
மும்முனை மின்சாரம் வேண்டுமாம்.
பட்டையை இழுத்துப் பிடிக்கக் காற்றழுத்தி.
பழைய தூசி உறிஞ்சி
இதன் ஒரு மூச்சுக்குக் காணாது.
மின்வேலைக்கு வந்த ட்ஷூமி
எங்கள் பியூஸ் பெட்டியைத் திறந்து சிரித்தார்.
அந்தச் சிரிப்பையும் பில்லில் சேர்த்திருந்தார்.

முதல் பலகை, ஓக்.
முகம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கவேண்டும்;
கிறுக்கல் மிஞ்சும் இடம் பள்ளம்.
உர்சினா அலை அலையாக இழுத்தாள்.
என் கை, என்னைக் கேட்காமல்,
தவணையை எழுதிக்கொண்டிருந்தது:
மாதம் இருநூற்று முப்பத்தெட்டு,
முப்பத்தாறு முறை.

உள்ளே போனது.
ஒரு பேருந்து வீட்டுக்குள் வந்ததுபோல் இரைச்சல்.
அந்தப் பக்கம் வந்தது வெறும் ஓக்,
தூங்கி எழுந்த கன்னத்தின் சூட்டோடு.
ஓரத்தில் ஒரு எட்டு மட்டும் மிச்சம்.
மில்லிமீட்டரில் பத்தில் மூன்று இறக்கினோம்.
எட்டும் போயிற்று.
கடன் அங்கேயேதான் இருந்தது.

இதற்கு முன்
ஒரு மேசைக்கு ஆறு மணிநேரம்
கைத்தேய்ப்பானோடு.
படுத்த பிறகும் என் வலது கை
தலையணைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும்.
ஜனவரியில் இரண்டு விரல்கள்
மெழுகுவர்த்தி நிறத்துக்குப் போய்
வெந்நீரில்தான் திரும்பும்.
இதை நான் உர்சினாவிடம் சொன்னதில்லை.
அவளுக்கு மூன்று விரல்கள்.

மூன்றாம் வாரம்.
பல் மருத்துவர் வீட்டு அலமாரிக்குப் பதினொரு கதவுகள்.
முதல் கதவில் நான் சுரண்ட மறந்த
ஒரு சொட்டுப் பசை
பட்டையில் ஏறி, கருகி,
பதினொன்றிலும் ஒரே இடத்தில்
ஒரே கோடு.

கையால் தேய்த்த காலத்தில்
என் பிழைகள்
ஒன்றைப்போல் ஒன்று இருந்ததில்லை.
இப்போது வடிவாக,
அளவுகோல் வைத்ததுபோல்,
வரிசையில் வருகின்றன.

உர்சினா புதுப் பட்டையை மாட்டினாள்.
அறுபத்தெட்டு ஃபிராங்க்.
பாதியை என் பெயரில் எழுது என்றாள்,
பசை என்னுடையது என்று தெரிந்தே.

மெஷின்தானே செய்கிறது,
விலையில் கொஞ்சம் குறைக்கலாமே
என்றார் மருத்துவர்,
அலமாரியை உள்ளங்கையால் தடவியபடி.
உங்கள் துளைக்கருவியைக் கையாலா சுற்றுகிறீர்கள்
என்ற வாக்கியத்தை
ஜெர்மனில் சரியான இலக்கணத்தோடு
நான் அடுக்கி முடிப்பதற்குள்
உர்சினா கேட்டுவிட்டாள்.

விளிம்புகளும் மூலைகளும்
இன்னும் கைத்தேய்ப்பானுக்குத்தான்.
அரை மணிநேரம். விரல்கள் தாங்கும்.

இன்று ஐந்தரைக்கே விளக்கை அணைத்தோம்.
கழற்றிய நிலை
இன்னும் சுவரோரம் சாய்ந்திருக்கிறது.
வாசலில் தார்ப்பாய், காற்றில் அடித்துக்கொண்டு.
தச்சுப் பட்டறைக்குக் கதவில்லை என்று
எதிர்க்கடை டயர்க்காரர் படம் எடுத்துப்போனார்.
வெள்ளிக்கிழமை போட்டுவிடலாம் என்கிறாள் உர்சினா.
எந்த வெள்ளி என்று
நான் கேட்பதில்லை.