நிறம்: வெள்ளி

நிலவு நாளில் என் துப்பாக்கிக் குழல்
ரப்பர் மூடுகளுக்கு நடுவே
டியூப்லைட் போல எரிகிறது.
பன்றிக்கு அது தெரியும்.
மரச்சீனி விளைக்குள் மூக்கை விட்டபடி
ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும்,
பிறகு கிழங்குக்குத் திரும்பும்.

துருப்பிடிக்காத எஃகு.
பேச்சிப்பாறை ஈரத்துக்கு இதுதான் நல்லது என்று
கூடுதல் பணம் கொடுத்து வாங்கியது.
பதினோரு வருஷத்தில் அது சுட்டது
வானத்தை மட்டும்.

மார்த்தாண்டத்துப் பெயின்ட் கடையில் கேட்டார்கள்,
"கேட்டுக்கா, ஜன்னலுக்கா?"
பைப்புக்கு என்றேன்.
பொய் என்று சொல்ல முடியாது.

உள்ளே குண்டு இல்லை என்று மூன்று தடவை பார்த்தேன்.
நாலாவது தடவையும் பார்த்தேன்.
ஒட்டுப்பாலை உருட்டி வாயை அடைத்தேன்,
எண் பொறித்த இடத்தில் டேப்,
நானூறாம் நம்பர் உப்புத்தாளால்
மாலை வரை தேய்த்தேன்.
பளபளப்பு போய்
காய்ச்சல்காரன் நாக்கு போல ஆயிற்று.
தின்னர். பிரைமர். அப்புறம் கறுப்பு.
கேனைக் குலுக்கினால் உள்ளே ஒரு கோலி ஓடுகிறது,
அணைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

துணிக் கம்பியில் தொங்கவிட்டேன்,
என் சாரத்துக்கும் லைலாவின் நைட்டிக்கும் இடையில்.
மழை வந்தது.
அவள் துணியை எடுத்துக்கொண்டு ஓட
நான் குழலை எடுத்துக்கொண்டு ஓடினேன்,
கம்பியோடு, தொடாமல், குழந்தையைத் தூக்குவது போலக்கூட அல்ல,
பாம்பைத் தூக்குவது போல.
தீ அணைந்து சூடு மட்டும் மிச்சமிருந்த புகைப்புரையில்
ரப்பர் ஷீட்டுகளோடு ஷீட்டாக அது தொங்கியது.

அன்று இரவு பன்றி வந்தது,
குட்டிகள் ஆறு.
எட்டு மணி நேரம் தொடக்கூடாது என்று
கேனில் எழுதியிருந்தது.
நான் கை தட்டினேன்.
ஒன்பது மூடு மரச்சீனி.

காலையில் டேப்பை உரித்தபோது
கூடவே கொஞ்சம் கறுப்பும் வந்தது.
இன்னொரு இடத்தில், டேப்பே இல்லாத இடத்தில்,
கோழிமுட்டை வடிவில்
தானாகவே தோல் எழும்பி நின்றது.
திருவட்டாறில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள்
குனிந்து பார்த்துச் சொன்னாள்:
"கை வச்சியளா? எண்ணெய் நகத்தில பாலிஷ் நிக்காது."
என் பெருவிரலை அதன் மேல் வைத்தேன்.
சரியாக மூடியது.

மறுபடி தேய்ப்பு.
இந்தத் தடவை அவளுடைய டை பூசும் கையுறை,
அவளுடைய ஹேர் டிரையர்.
மெல்லிசாக மூன்று கோட்.
கடைசியில் நல்ல கறுப்பு,
இருட்டில் எங்கே சாய்த்தேன் என்று
நானே தடவித் தேடும் அளவு.

தேர்தல் அறிவித்தார்கள்.
துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம்
ஸ்டேஷனில் கொண்டு கொடுக்க வேண்டும்.

குலசேகரத்தில் ரைட்டர் சிவதாணு
பதிவேட்டையும் குழலையும் மாறி மாறிப் பார்த்தார்.
"நிறம் வெள்ளின்னுல்லா இருக்கு?"
அடிச்சேன் சார்.
"எதுக்கு?"
பன்றிக்குத் தெரியாம இருக்க.
"இப்ப எனக்கும் தெரியலையே ஓய்."
எண்ணைக் காட்டினேன். சரிபார்த்தார்.
எண் சரி, நிறம் தப்பு என்றார்.
சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.
நான் சுவரில் காணாமல்போனவர்களின் படங்களைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
நகத்தளவு சத்தம்தான்.
பல் கூசியது.

ரசீதில் எழுதினார்:
நிறம் கறுப்பு. சுரண்டினால் வெள்ளி.

கையெழுத்து போட்டேன்.
பெருவிரலும் வை என்றார்.
நீல மை
ஒரே அழுத்தில், ஒரு வரி விடாமல் பிடித்தது.

பஸ்ஸில் யாருடைய சட்டையிலும் படாமல்
விரலைத் தூக்கிப் பிடித்தபடி வந்தேன்.
சோப்புக்குப் போகவில்லை.
தின்னர் குப்பியில்
அடியில் கொஞ்சம் கிடந்தது.