பூஜ்யம் புள்ளி எட்டு

கப்பலூர் சிட்கோவில்
வேனுக்கும் மினிபஸ்ஸுக்கும்
பிரேக் கப் வார்க்கும் கம்பெனி.
பதினேழாம் எண் வரைபடத்தில்
அச்சின் உதட்டோரம் ஒரு கோடு,
அகலம் பூஜ்யம் புள்ளி எட்டு மில்லிமீட்டர்.

ஒன்றாக இருந்திருக்கலாம். அரையாக இருந்திருக்கலாம்.
ஏன் எட்டு என்று கேட்டேன்,
வேலைக்குச் சேர்ந்த புதிது, டிப்ளமோ திமிர்.
"ஜப்பான்காரன் கணக்கும்மா" என்றார் மேனேஜர்.

ட்ரிம்மிங் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

அது ஒச்சம்மா.
செக்கானூரணியிலிருந்து வருகிறவள்.
அப்போது நூறு கப்புக்கு ஏழு ரூபாய்;
அடியில் குமிழி விட்டது கணக்கில் சேராது.
அந்த வருசம் பாதிக்குப் பாதி குமிழி.

ஒரு ராத்திரி ஷிஃப்டில், சூப்பர்வைசர் டீக்குப் போன நேரம்,
முந்தானை ஊக்கைக் கழற்றி நிமிர்த்தி
சோதனைக்கு வைத்திருந்த அலுமினிய அச்சின் வாயில்
குறுக்கே கிடத்தி
பிரஸ்ஸை இறக்கியிருக்கிறாள்.
"மூடிய இறுக்கிப் போட்டா
ஆவி எங்குட்டுத்தான் போகும்?"

ஊக்கு நசுங்கிப் பள்ளம் விழுந்தது.
பள்ளம் வழியே காற்று கிளம்பியது.
அடுத்த கப், அதற்கடுத்த கப்,
ஒரு குமிழி இல்லை.

அச்சைக் கெடுத்ததற்கு அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.
பள்ளத்தை அளந்து இரும்பில் வெட்டச் சொன்ன
தாமோதரன் சாருக்கு
ஊக்கத்தொகை.
இவளுக்கு ஊக்கும் போச்சு.
"அன்னைக்கு விடியுற வரைக்கும் ஒரு கையால
சேலையப் பிடிச்சுக்கிட்டே வெட்டுனேன்டி."

வெட்டியது எதை?
பள்ளத்தில் பாயும் ரப்பர்
கப்புக்குக் கப்பு மயிரிழையாய் ஒரு வால் விடும்.
அந்த வாலை நறுக்குவதுதான்
பத்தொன்பது வருசமாக அவள் வேலை.

வரைபடத்தின் மூலையில் மூன்று கட்டம்:
வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர்.
நடுக்கட்டத்தில் இப்போது என் கையெழுத்து.
போடுவதற்கு முன்
என் ஊக்கைக் கழற்றி வெர்னியரில் வைத்தேன்.
பூஜ்யம் புள்ளி எட்டு.
யாரிடமும் சொல்லவில்லை.
மாதக் கடைசி. ஸ்கூட்டி லோன் வேறு.

சாயங்காலம் டோல்கேட் தாண்டி
மாடு ஒன்று குறுக்கே வர
மினிபஸ் டிரைவர் பிரேக்கை ஏறி மிதித்தார்.
நின்றவர்கள் எல்லாம் ஓரடி முன்னால் சரிந்தோம்.
வண்டி நின்றது,
மாட்டுக்கு ஒரு முழம் இப்பால்.

கம்பியைப் பிடித்துத் தொங்கிய ஒச்சம்மா
டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்:
"ஆளு நிக்கிறது தெரியலையா?
பேரென்னய்யா ஒனக்கு?"