லாரி மழை

அவர்கள் வரப்போவதாகக் கேள்விப்பட்டு
பைங்கன்வாடியில் எங்கள் சந்து முழுவதையும்
இரண்டு நாள் கூட்டிப் பெருக்கினோம்.
சாக்கடைக்குக்கூடப் பலகை போட்டு மூடினோம்.
வந்தவர்கள் பார்த்துவிட்டு
எங்கிருந்தோ ஒரு டெம்போ சேறு வரவழைத்தார்கள்.
சேற்றுக்கு என்ன வாடகை என்று
தவ்சீஃப் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மழை.
மே மாதம். மூன்று லாரித் தண்ணீர்,
குழாய் முனையில் சல்லடை.
கதைப்படி அந்த மழையில்தான்
பையனின் தலையெழுத்து மாறுகிறது.
எங்களுக்கோ இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை.
ஜுலேகா முதலில் குடத்தோடு இறங்கினாள்.
பின்னாலேயே எல்லோரும், வாளி, டப்பா, பிரஷர் குக்கர்.
கட் கட் என்று கத்தினார்கள்.
யாரும் கட் ஆகவில்லை.

அதை அப்படியே படத்தில் வைத்துவிட்டார்கள்.
வானத்தை ஏந்தும் ஏழைப் பெண்கள் என்று
பேப்பரில் ஒருவர் உருகியிருந்தார்.
வானம் இல்லை ஐயா,
செம்பூரிலிருந்து வந்த லாரி.
மறுநாள் அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வைத்தோம்.
சீக்கிரம் வெந்தது. நல்ல தண்ணீர்.

கோபம்தான் எனக்கு.
முழுசாக வரமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.
பையனின் அம்மா
நேற்றைய தேயிலையை வெயிலில் உலர்த்துவாளே,
அதை யார் போய்ச் சொன்னது அவர்களிடம்?
கடன்காரன் தட்டும்போது
மூன்று பேரும் மூச்சடக்கி
சுவரோடு சுவராவது?
குர்லா மாலில்
முந்நூற்றிருபது ரூபாய் இருக்கையில்
என் வீட்டையே காசு கொடுத்துப் பார்த்து
அழுதேன்.
பக்கத்து சீட்டுப் பெண் பாப்கார்னை நீட்டினாள்.
எடுத்துக்கொண்டேன்.

தலையெழுத்து தலையெழுத்து என்கிறது படம்.
ஏழு தடவை, எண்ணினேன்.
இங்கே அது வார்டு ஆபீஸ் இரண்டாம் மாடியில்
பால்பாயின்ட் பேனாவால் எழுதப்படுகிறது.
என் பெயர் முஸ்தகீம். நேரானது என்று பொருள்.
ரேஷன் அட்டையில் ஒரு எழுத்து கோணல்.
அதை நிமிர்த்த ஆறு வருடமாக நடக்கிறேன்.
பையனுக்குக் கடைசி ரீலில் கோடி கிடைக்கிறது.
நான் கேட்பது ஐந்து கிலோ அரிசி.

விருது அறிவித்த இரவு சந்து முழுக்க ஆடியது.
பொய் சொல்வானேன், நானும் ஆடினேன்.

ஜுலேகா போன ரம்ஜானுக்கு முன்னால் போய்விட்டாள். நுரையீரல்.
ஆதார் அட்டையைத் தவிர
அவள் முகம் அந்த வீட்டில் எங்கேயும் இல்லை.
அட்டையில் இருப்பது அம்மாதானா என்று
அவள் மகனுக்கே சந்தேகம்.
ராத்திரி என் ரீசார்ஜ் கடைக்கு வருவான்.
நாற்பத்தோராவது நிமிஷம் என்பான்.
போனில் வைப்பேன்.
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
கத்துகிறவன் பக்கம் திரும்பி
இப்போ என்ன என்கிற மாதிரி பார்ப்பாள்.
நாலு விநாடி.

இன்னொரு தடவை பாய் என்பான்.
சார்ஜ் ஆறு சதவீதம்.
வைக்கிறேன்.