வலி நின்ற வியாழன்

வியாழக்கிழமை வலி நின்றுவிட்டது.
வரவில்லை என்று சொல்லத்தான் போன் செய்தேன்.
"தானாக நின்றதா? அப்படியானால் இன்றே வா"
என்றாள் டாக்டர் சுன்னிவா.

வார்டோ துறைமுகத்தில் பகலிலும் இருட்டு.
பனிக்கட்டித் துணுக்கைப் பல்லில் வைத்தாள்.
பக்கத்துப் பல் துள்ளியது.
இது, மரக்கட்டை.
எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றி
எலும்பு கரைந்த கரும்பொட்டு.

நடுக்கடலில் பம்பு சத்தம் அடங்கினால்
படகு காய்ந்துவிட்டது என்றா
படுக்கப் போவேன்?

ஊசிபோல ஓர் அரம்
வேருக்குள் இறங்கி இறங்கி ஏறியது.
பஞ்சில் துடைத்துக் காட்டினாள்:
நண்டு மீசையின் பாதிகூட இல்லை.
நாலு ராத்திரி என்னைத்
தளத்தில் நடக்கவிட்டது
இதுவா?

கழுவினாள், உலர்த்தினாள், அடைத்தாள்.
உதடு இன்னும் மரத்திருக்கிறது.
நாக்கு மட்டும்
சாவு வீட்டுக்குப் போகிறவன்போல்
சத்தமில்லாமல்
அந்தப் பக்கம் போய்வருகிறது.