ஒப்புகைச் சீட்டு

மார்த்தாண்டம் மேம்பாலம்தான் என் கடைக்குக் கூரை.
மேலே திருவனந்தபுரம் பஸ் போகும்போதெல்லாம்
மானிட்டர் ஒரு மூச்சு நடுங்கும்.
பக்கத்துக் கடையில் ரப்பர் ஷீட் அடுக்குவார்கள்.
அந்தப் புளித்த வாடையில்தான்
இங்கே எல்லா மனுவும் பிறக்கிறது.

ஞாறான்விளை முகாமிலிருந்து வந்திருந்தாள்,
பரிமளகாந்தி.
பெயரைச் சொல்லிவிட்டு எழுத்துக்கூட்டியும் சொன்னாள்.
யாரோ முன்பு தப்பாக எழுதியிருக்க வேண்டும்.
ஜெனீவாவுக்கு ஒரு விண்ணப்பம்.
பக்கத்துக்கு இருபது ரூபாய் என்றேன்.
"ஜெனீவாவுக்கும் அதே விலையோ?"
இருவரும் சிரித்தோம்.
அதன்பிறகு சிரிக்க எதுவும் வரவில்லை.

என்னிடம் ஒரு பழைய கோப்பு உண்டு.
ஓகிக்குப் பிந்திய டிசம்பரில்
தூத்தூரும் வள்ளவிளையும் சின்னத்துறையும்
வரிசையில் நின்று அடிக்கவைத்த கோப்பு.
பெயரையும் படகு எண்ணையும் மாற்றினால் போதும்,
'மேற்படி நபர் காணாமல் போனார்'
தானாக வந்து நிற்கும்.
என் மைத்துனன் கிளாட்சனுக்கும் அதிலேதான் அடித்தேன்.
அதைத் திறந்து
துவாரகன், வயது பத்தொன்பது என்று போட்டேன்.

அவள் திரையில் விரலை வைத்தாள்.
"போகேல்லைத் தம்பி.
கடல் கொண்டு போனால் போனான் எண்டு எழுதலாம்.
இவனை நான் கையிலை பிடிச்சுக் குடுத்தனான்.
வட்டுவாகல் பாலம் தாண்டி ஒரு அம்பது யார்.
ஒருநாள் இயக்கத்திலை இருந்தாலும் வாங்கோ,
விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு
மைக்கிலை சொன்னவை.
தமிழிலைதான் சொன்னவை."

அழித்துவிட்டு
'ஆக்கப்பட்டார்' என்று அடித்தேன்.
பதினோரு வருஷமாக மனு எழுதுகிறவன்,
ஒரு 'பட்டார்' பின்னால்
ஆள் ஒளிந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.
கிளாட்சனைக் கடல் கொண்டது, சரி.
தேட வராத கப்பலை
நான் எந்த வினையிலும் எழுதவில்லை.

அந்த ஆளுக்கும் ஒரு கட்டம் இருந்தது:
பெயர், பதவி, படைப்பிரிவு.
"பேர் தெரியாது.
வலக்கையிலை மணிக்கூடு கட்டியிருந்தவன்."
கட்டம் நூறு எழுத்து வாங்கும்.
வலக்கையில் மணிக்கூடு என்று அடித்தேன்.
மிச்சமெல்லாம் வெள்ளை.

இனம் என்ற இடத்தில் 'சிறுபான்மை'யைத் தொட்டேன்.
"அது எண்ணிக்கையெல்லே. கீழை பாருங்கோ."
கீழே 'மற்றவை' இருந்தது.
"என்ர வளவுக் கிணத்தைத் தோண்டினது
என்ர பூட்டன். அவருக்கும் முதல்
அதிலை ஒரு துரவு இருந்தது. அப்பிடி எழுதுங்கோ."
ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல் இருக்கிறது.
போட்டேன்.
கிணறு அதற்குள் இல்லை.

படம் இரண்டு எம்பிக்குள் வேண்டுமாம்.
நீலத் திரைக்கு முன்னால்
கழுத்துப் பொத்தானும் பூட்டிய பையன்.
குறைத்தேன், இன்னும் குறைத்தேன்,
அரும்பு மீசை மங்கியது.
"காணும் தம்பி," என்றாள், "இதுக்கு மேலை வேண்டாம்."

அனுப்பு என்பதை அவளே அழுத்தினாள்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
மேலே ஒரு பஸ், இன்னொரு பஸ்.
பிறகு பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு எண்,
'தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.'
"ஆராலை?" என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

நான்கு பக்கம், எண்பது ரூபாய்.
எண்ணி வைத்துவிட்டு ரசீது கேட்டாள்.
என் கடையில் ரசீதுப் புத்தகமே கிடையாது.
அச்சுப் பிழையான ஒரு கல்யாணக் கார்டின் முதுகில்
பெற்றுக்கொண்டேன் என்று எழுதினேன்.
தேதி போடச் சொன்னாள். நேரம் போடச் சொன்னாள்.
கையெழுத்துக்குக் கீழே
முழுப்பெயரும் கேட்டாள்.

"அண்டைக்கு இது தெரியேல்லை," என்றாள்.
"ஒரு பிள்ளையைக் குடுத்தனான்.
ஒரு துண்டு வாங்கேல்லை."

கடை முத்திரையையும் குத்திக் கொடுத்தேன்.
மை காயும்வரை
அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.